இத்தனை வருடம் ஓடிவிட்டதே என்கிறவர்களுக்கு

டைப் 1 நீரிழிவோடு இருபது, முப்பது வருடம் வாழ்ந்துவிட்டவருடைய இன்சுலின் முறையில் கை வைக்கக் கூடாது என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். பத்து வயதில் நோய் வந்தபோது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று 30/70 கலப்பு இன்சுலினைத் தொடங்கிவைத்தார்கள். நாற்பது வயதிலும் அதே இரண்டு ஊசி. “இவ்வளவு காலம் ஓடிவிட்டது, இப்போது போய் எதற்கு நோண்ட வேண்டும்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். மருத்துவரும் பல சமயம் அதையே சொல்கிறார்: “உடம்புக்குப் பழகிவிட்டது, அப்படியே போகட்டும்.” நானும் இந்த ஊசியோடு வாழ்கிறவள்தான், அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அக்கறை எனக்குத் தெரியும். அக்கறை உண்மையானது, முடிவு தவறானது. நோயின் வயது கூடக்கூட, பழைய முறையை விட்டு நகர்வதற்கான காரணங்கள்தாம் கூடிக்கொண்டே போகின்றன.

முதலில், எதை வைத்து நன்றாக ஓடியது என்கிறோம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி எட்டை ஒட்டி வருகிறது, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, வேலைக்குப் போய்வருகிறார். அந்த எட்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. மதியம் மூன்று மணிக்கு 320, விடியற்காலை மூன்று மணிக்கு 50 என்று ஏறி இறங்குகிறவருக்கும், நாள் முழுக்க 180ஐ ஒட்டி நிற்பவருக்கும் அந்தத் தாளில் ஒரே எண் வரலாம். வாரத்தில் இரண்டு இரவு சர்க்கரை இறங்கி உடம்பெல்லாம் நனைந்து எழுந்து, இருட்டில் சர்க்கரை டப்பாவைத் தேடுகிறவரிடம் “லோ வருமா?” என்று கேட்டால், “எப்பவாவது” என்பார். பொய் சொல்லவில்லை. வருடக்கணக்கில் வந்துகொண்டே இருப்பது அவருக்குச் சொல்லத் தக்க செய்தியாகவே தோன்றுவதில்லை.

அந்த 30/70 குப்பிக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். நூற்றுக்கு முப்பது பங்கு தெளிவான ரெகுலர் இன்சுலின், எழுபது பங்கு கலங்கலான என்பிஎச். ரெகுலர் அரைமணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஓய்கிறது. என்பிஎச் மெதுவாக எழுந்து, நான்கு முதல் பத்து மணி நேரத்துக்குள் ஒரு மேடு போட்டு இறங்குகிறது. காலை ஏழரைக்குப் போட்டால், ரெகுலர் இட்லியைக் கவனித்துக்கொள்ளும். மதியச் சோற்றுக்கு? தனியாக எதுவும் கிடையாது. காலையில் போட்ட என்பிஎச்சின் மேடு அந்த நேரம் பார்த்து வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. தமிழ் வீட்டில் மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போவது மதியம்தான். குழம்புக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை. நாளின் பெரிய சாப்பாட்டுக்கு ஊசியே இல்லாத ஒரு முறை நம் உடம்புக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரவு இன்னும் மோசம். எட்டு மணிக்குப் போட்ட ஊசியின் என்பிஎச் நள்ளிரவுக்கும் நான்கு மணிக்கும் இடையில் உச்சத்தில் நிற்கும். உடம்புக்கு இன்சுலின் மிகக் குறைவாகத் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். விடியப்போகும்போது வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் சர்க்கரையை ஏற்றத் தொடங்க, ஊசியின் வேகமோ வடிந்துகொண்டிருக்கும். வெறும் வயிற்றில் 220 காட்டும். அதைப் பார்த்து இரவு ஊசியில் இரண்டு யூனிட் கூட்டினால், காலை எண் இறங்குவதற்கு முன்னால் இரண்டு மணிக்கு லோ வந்து நிற்கும். என்பிஎச்சை மட்டும் பிரித்துப் படுக்கப் போகும்போது போட்டால் இதில் பாதி சரியாகும். கலப்புக் குப்பியில் அதற்கு வழியில்லை. ஒரே கயிற்றில் கழுத்தைப் பிணைத்த இரண்டு மாடுகளில் ஒன்றை மட்டும் தொட்டிக்கு ஓட்ட முடியுமா?

“ஊசி போட்டாச்சு, சாப்பிடு” என்பது டைப் 1 உள்ள வீடுகளில் தினமும் கேட்கும் குரல். பசி இல்லாவிட்டாலும் பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட் உள்ளே போயாக வேண்டும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காவிட்டால் பையிலிருக்கும் குளுக்கோஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். காய்ச்சலில் ஒரு வாய்க் கஞ்சி இறங்காத நாளில், காலையில் உள்ளே போன எழுபது பங்கை யாரும் திரும்ப எடுக்க முடியாது. இரண்டே ஊசி என்பதால் இதை எளிய முறை என்கிறார்கள். ஊசிக்கு வேண்டுமானால் எளிமை. மனிதருக்கு நாள் முழுக்கக் கடிகாரத்தின் காவல்.

இந்த முறை உடம்பின் தேவையைப் பார்த்து வகுத்ததும் இல்லை. 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டபோது இருந்தது சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்கும் இன்சுலின் மட்டும். அதை ஒரு நாளில் பலமுறை போட வேண்டும்; கண்ணாடி சிரிஞ்சு, கொதிக்கவைத்த தடித்த ஊசி. எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே டென்மார்க்கில் ஹாகெடோர்ன் 1936இல் இன்சுலினோடு புரோட்டமினைச் சேர்த்தார். அவருடைய கூடத்திலிருந்து 1946இல் என்பிஎச் வந்தது. அன்றைக்கு அது பெரிய கருணை. வீட்டில் ரத்தச் சர்க்கரையை அளக்க வழி கிடையாது. சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி நிறம் பார்த்தார்கள். அளக்கவே முடியாதபோது வேளைக்கு ஓர் அளவு என்று யோசிக்க என்ன இருக்கிறது? அந்த இல்லாமைக்குள் பிறந்த ஏற்பாடு அது. இன்று விரல் நுனியில் ஐந்து நொடியில் எண் தெரிகிறது. ஏற்பாட்டை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறோம்.

1983இல் தொடங்கி 1993இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வைப் பற்றி மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேர். ஒரு பக்கம் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி, மறுபக்கம் மூன்றும் அதற்கு மேலும், அல்லது இன்சுலின் பம்ப். முதல் பக்கத்தில் ஹெச்பிஏ1சி ஒன்பதை ஒட்டி நின்றது, இரண்டாவதில் ஏழை ஒட்டி. கண்ணில் பாதிப்பே இல்லாமல் ஆய்வுக்கு வந்தவர்களுக்குப் புதிதாக விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. உடனே ஒரு பதில் வரும்: அவர்கள் 13 முதல் 39 வயதுக்காரர்கள், நோய் வந்து 15 வருடத்துக்கு உட்பட்டவர்கள், முப்பது வருடக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும்? நியாயமான கேள்வி. அந்த 76ஐ அப்படியே எடுத்து ஐம்பது வயதுக்காரர் கையில் கொடுக்க முடியாது. மரத்துப்போன பாதத்தையும் வடு விழுந்த விழித்திரையையும் எந்த இன்சுலினும் புதிதாக்கித் தராது. ஆனாலும், வர வேண்டியது வந்துவிட்டது, இனி என்ன என்று கை கழுவுவதை என்னால் ஏற்க முடியாது. மிச்சமிருக்கும் பார்வைக்கும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கும் இன்னும் இருபது, முப்பது வருட வேலை பாக்கி இருக்கிறது.

பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையம், இன்சுலினோடு ஐம்பது வருடம் கடந்தவர்களுக்கு 1970 முதல் பதக்கம் தருகிறது. பழைய காலத்து முறைகளோடு வந்தும் பெரிய பாதிப்பில்லாமல் இருப்பவர்கள் அவர்களில் உண்டு. “பார், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று காட்டுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்: பதக்கம் வாங்க வந்தவர்களைத்தான் எண்ண முடிகிறது. அவர்களோடு அதே ஊசியில் தொடங்கி, பாதி வழியில் கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் அந்த வரிசையில் நிற்பதில்லை.

வருடங்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்பதில்தான் என் வாதத்தின் பலம் இருக்கிறது. நோய் வந்த புதிதில் சர்க்கரை 65க்கு இறங்கினாலே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். இறங்கும் சர்க்கரையை உள்ளிருந்து ஏற்றிவிட வேண்டிய குளுக்ககான், டைப் 1 வந்த சில வருடங்களிலேயே அந்த வேலையைக் கைவிட்டுவிடுகிறது. பிறகு காவல் அட்ரினலின் மட்டும். லோ அடிக்கடி வந்தால் அதுவும் மந்தமாகும். 65இல் வந்த எச்சரிக்கை 55இல் வரும், பிறகு 45இல்கூட வராது. பேச்சு குழறுவதையும் முகம் வெளிறுவதையும் மனைவியோ மகனோ பார்த்துச் சொன்னால்தான் உண்டு. நீண்ட காலம் டைப் 1 உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி உணர்வு குன்றிப்போகிறது. இதில் ஒரு நல்ல செய்தி 1990களிலேயே தெரிந்துவிட்டது: சில வாரங்கள் லோ வராமல் கட்டிக் காத்தால் அந்த எச்சரிக்கை உணர்வு கணிசமாகத் திரும்புகிறது. ஆனால் நள்ளிரவில் மேடு போடும் ஓர் இன்சுலினைக் கையில் கொடுத்துவிட்டு, லோ வராமல் பார்த்துக்கொள் என்றால் எப்படி முடியும்? இளவயதில் இரண்டு வேளை ஊசியைத் தாங்க வைத்தது அந்த அட்ரினலின். அது தளர்ந்தபின் பழைய ஊசி முன்பைவிட ஆபத்தானது.

சிறுநீரகத்துக்கும் இதே கதை. ஊசியில் போன இன்சுலினை ரத்தத்திலிருந்து அகற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது தளரும்போது அதே 20 யூனிட் நெடுநேரம் தங்கி வேலை செய்யும். வயிற்று நரம்புகள் பாதித்தவருக்குச் சாப்பிட்டது வயிற்றிலேயே கிடக்கும். ரெகுலர் உச்சத்துக்குப் போய் இறங்கிய பிறகு சோறு குடலுக்கு வந்து சேரும்; முதலில் லோ, அப்புறம் 350. சாப்பாட்டுக்கான இன்சுலின் தனியாக இருந்தால் அதைச் சாப்பிட்டு முடித்த பின் போடலாம், பாதி பாதியாகப் போடலாம். 30/70இல் அதற்கு இடமில்லை. ஊசி போடும் இடத்தையும் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்தியதால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிப்போயிருக்கும். அங்கே வலிக்காது, வலிக்காததால் கை தானாக அங்கேயே போகும். அதற்குள் போன இன்சுலின் எப்போது ரத்தத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. உடம்புக்குப் பழகிய அளவு என்று நாம் காப்பாற்றிவருவது, பலருக்கு அந்தக் கட்டிக்குப் பழகிய அளவு.

“நாலு ஊசியா? அவ்வளவு முற்றிப்போச்சா?” என்று உறவினர் கேட்பது எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி. ஊசியின் எண்ணிக்கைக்கும் நோயின் கடுமைக்கும் சம்பந்தமே இல்லை. ஆரோக்கியமான கணையம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிடும்போதெல்லாம் கூடுதலாக ஒரு பங்கைத் தள்ளும். நீண்ட நேரம் நிற்கும் ஓர் இன்சுலின், மூன்று வேளைக்கு மூன்று சிறு ஊசி என்பது அதைப் பார்த்து அமைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022இல் வெளியிட்ட டைப் 1 வழிகாட்டுதல்களும் பல வேளை ஊசியையே முன்வைக்கின்றன. நம் நாட்டில் நீரிழிவுக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் டைப் 2 என்பதால், அவர்களுக்கு எழுதி எழுதிப் பழகிய சீட்டு டைப் 1க்கும் வந்துவிடுகிறது.

அடுத்து, எனக்குக் கோபம் வரவைக்கும் வாதம்: “அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது.” எட்டாவது படித்த அம்மாவைக் காட்டி இதைச் சொல்கிறார்கள். அந்த அம்மா எத்தனை பேர் வந்தால் எத்தனை ஆழாக்கு அரிசி, எவ்வளவு மாவில் எத்தனை இட்லி என்று கண்ணாலேயே அளக்கிறவர். நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் பத்து கிராம் மாவுச்சத்து, ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்து, இன்ன கிராமுக்கு ஒரு யூனிட் என்று உட்கார்ந்து பேசினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். ஹோட்டல் இட்லி பெரிதாக இருக்கிறதே, ஒன்றரையாக வைத்துக்கொள்ளட்டுமா என்று அவரே கேட்பார். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்தில் உருவான ஐந்து நாள் பயிற்சி முறையை இங்கிலாந்தில் 169 பேரிடம் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலும் பல வருடம் நோயோடு வாழ்ந்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள். ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி 8.4, முறை வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு 9.4. ஆபத்தான லோக்கள் கூடவில்லை. விரும்பியதை விரும்பிய நேரத்தில் சாப்பிட முடிகிறது என்று சொன்னவர்களின் மனநிறைவு மட்டும் கூடியது. வராதது கணக்கில்லை. சொல்லிக்கொடுக்க ஐந்து நாளும் ஓர் ஆளும் வேண்டும். நம் மருத்துவமனைகளில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தக் குறையை நோயாளியின் படிப்பின் மேல் ஏற்றாதீர்கள்.

செலவைப் பற்றிய கவலை பொய்யில்லை. ஆனாலும் ஊசி நாலானால் இன்சுலின் இரு மடங்காகும் என்பது தப்புக்கணக்கு. நாளின் மொத்த யூனிட் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், பலருக்குக் குறையும். நீண்ட நேரம் நிற்கும் கிளார்ஜினை வாங்க முடியாதவர், அரசு மருத்துவமனையில் கிடைக்கும் ரெகுலரை மூன்று வேளைக்கும், என்பிஎச்சைத் தனியாகப் படுக்கும் நேரத்திலும் வைத்துக்கொண்டு இதே முறைக்கு வரலாம். சிலருக்குக் காலையிலும் கொஞ்சம் என்பிஎச் தேவைப்படும். பழைய இரண்டு மருந்துதான், கயிறு மட்டும் அவிழ்ந்திருக்கும். நீண்ட நேர இன்சுலின்களை 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, 2022இல் இந்தியாவின் பட்டியலில் கிளார்ஜின் வந்தது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டியது நம் உரிமை. உண்மையில் காசைத் தின்பது சர்க்கரையை அளக்கும் ஸ்ட்ரிப். இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறவர்களில் பலரும் ஸ்ட்ரிப்பைக் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கோபப்பட வேண்டிய இடம் அது.

மாற்றத்தைப் பற்றிய பயத்தில் ஒரு பகுதிக்கு நான் தலைவணங்குகிறேன். 1980களில் பன்றி, மாட்டு இன்சுலினிலிருந்து மனித இன்சுலினுக்கு மாற்றியபோது, லோ வருவது முன்போலத் தெரியவில்லை என்று பிரிட்டனில் பழைய நோயாளிகள் பலர் முறையிட்டார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்காமல் மாற்றியதால் வந்த கசப்பு நெடுநாள் இருந்தது. உயிரோடு விளையாடும் ஒன்றை மாற்றும்போது மாற்றப்படுகிறவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

உடல்ரீதியான ஆபத்துகளும் உண்டு. பல வருடம் உயரத்தில் இருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் ஏற்கெனவே பாதித்த விழித்திரை சில மாதம் மோசமாகலாம். டிசிசிடியிலேயே பல வேளை ஊசி போட்ட பக்கத்தில் 13.1 சதவீதம் பேருக்கு முதல் ஆண்டுக்குள் அப்படி ஆனது, மறுபக்கத்தில் 7.6 சதவீதம், பின்னர் வந்த வருடங்களில் நிலைமை தலைகீழாகிப் பல வேளை ஊசியே கண்ணைக் காத்தது. வேகமாக இறக்கினால் காலில் எரிச்சலும் குத்தலும் கிளம்புவதும் உண்டு. அதனால்தான் கண் பரிசோதனை முடித்த பிறகே மாற்றத் தொடங்க வேண்டும், மாதக்கணக்கில் மெதுவாக இறக்க வேண்டும். இரண்டு வேளை என்பிஎச்சிலிருந்து கிளார்ஜினுக்குப் போகும்போது என்பிஎச் அளவில் 20 சதவீதம் குறைத்துத் தொடங்குவார்கள். கட்டி இல்லாத புது இடத்தில் போட்டால் அளவு மேலும் குறைய வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் எண்களைக் கேட்டு யூனிட்டைச் சொல்ல, தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர் வேண்டும். நீண்ட நேரம் நிற்கும் அந்த அடிப்படை இன்சுலினை, சாப்பிடாத நாளிலும் நிறுத்தக் கூடாது. வீட்டிலேயே யாரும் தானாக மாற்றிப் பார்க்கவும் கூடாது. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா காட்ரிட்ஜில் 100. பேனா கெட்டுப்போன அவசரத்தில் காட்ரிட்ஜிலிருந்து பழைய 40 சிரிஞ்சில் உறிஞ்சினால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. பேனாவுக்கு மாறிய அன்றே பழைய சிரிஞ்சுகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். இவையெல்லாம் சரியாகச் செய்ய வேண்டியதன் பட்டியல். செய்யாமலே இருப்பதற்கு இவற்றைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், பழைய முறையில் ஒவ்வோர் இரவும் நடப்பதை ஆபத்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

30/70இலேயே இருப்பது சரி என்று நானே சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். பார்வை போய், காலையிலும் இரவிலும் வந்து ஊசி போட்டுவிட மட்டும் ஒருவர் இருக்கும் முதியவர். நினைவு தப்பிப் போட்ட ஊசியையே மறுபடி போட்டுக்கொள்ளக்கூடியவர். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு இதுவே போதும் என்கிறவர். அவர்களுக்கு அது கண்டறிந்து எடுத்த முடிவு. மற்றவர்களுக்கு யாரும் எடுக்காத முடிவாக, பழைய சீட்டைப் பார்த்துப் புதுச் சீட்டில் எழுதியதாகவே இருக்கிறது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் எழுதிவையுங்கள்: வெறும் வயிற்றில், மதியச் சோற்றுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன், இரண்டு நாளாவது விடியற்காலை மூன்று மணிக்கு. ஸ்ட்ரிப் போதாவிட்டால் மதியத்தையும் மூன்று மணியையும் மட்டுமாவது பாருங்கள். தாளை மேசைமேல் வையுங்கள். அதைப் பார்த்த பிறகும் அப்படியே போகட்டும் என்றால், அதில் எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள் ஐயா என்று கேளுங்கள்.